இங்கிலாந்து பாரிஷ் சர்ச்சில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு: தாள்கள், தேதிகள், செலவு

ஊரில் ஒரு ஆலயத்துக்கு மூன்று ஞாயிறு தொடர்ந்து போனால் போதும். "எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை" என்று விசாரித்து, அடுத்த அசனத்துக்குக் காய் நறுக்க உட்காரவைத்துவிடுவார்கள். இங்கிலாந்தின் பாரிஷ் சர்ச்சில் அப்படி நடக்காது. சிரிப்பார்கள், காபி தருவார்கள், மழையைப் பற்றிப் பேசுவார்கள், அனுப்பிவிடுவார்கள். நம்மை யாரும் கூப்பிடவில்லையே என்று ஒரு வருடம் பின்பெஞ்சில் காத்திருப்பவர்கள் உண்டு. இங்கே அழைப்பு வாய்வழியாக வருவதில்லை. நோட்டீஸ் ஷீட்டில் ஒரு வரியாகவும், கதவருகே பேனா கட்டிவைத்த ஒரு தாளாகவும்தான் வரும். தாளில் பெயர் எழுதுகிறவர்தான் இங்கே உள்ளே வந்தவர்.

கீழே உள்ளவை சர்ச் ஆஃப் இங்கிலாந்தின் (இங்கிலாந்து ஆங்கிலிக்கன் சபை) பாரிஷ்களுக்கு, அதாவது சேகரங்களுக்கு. வேல்ஸ், ஸ்காட்லாந்து ஆங்கிலிக்கன் சபைகளின் விதிகள் வேறு.

1. புறப்படும் முன் கையில் எடுக்க வேண்டியவை

ஞானஸ்நானச் சான்றிதழ், திடப்படுத்தல் (கன்ஃபர்மேஷன்) சான்றிதழ், ஊர் ஐயரவர்கள் (போதகர்) தலைப்புத்தாளில் ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்திட்ட ஒரு கடிதம். இந்த மூன்றையும் விமானம் ஏறும் முன்பே வாங்கிவிடுங்கள். இங்கே வந்தபின் சேகர அலுவலகத்துக்கு போன் போட்டு, பழைய ரிஜிஸ்டரைத் தேடச் சொல்லி, ஒருவரை அனுப்பி வாங்குவதற்கு மாதக்கணக்கில் இழுக்கும். கடிதத்தில் பெயர், ஞானஸ்நான நாள், எந்த வருடத்திலிருந்து அங்கத்தினர், திருவிருந்து எடுப்பவரா என்ற நான்கும் இருக்கட்டும்.

தென்னிந்தியத் திருச்சபையும் இலங்கைத் திருச்சபையும் ஆங்கிலிக்கன் ஐக்கியத்தில் உள்ளவை. எனவே நீங்கள் "மாறி வருகிறவர்" அல்ல. மறுபடி ஞானஸ்நானம் வேண்டும் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

பெயரில்தான் சிக்கல் வரும். சான்றிதழில் "ஜெ. செல்வின்", பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசிப் பெயராக விரிந்து கிடக்கும். எல்லா விண்ணப்பத்திலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள். ஐயரவர்களின் கடிதத்தில் "இரண்டு பெயரும் ஒருவரே" என்று ஒரு வரி சேர்த்து வாங்கிவிட்டால் பின்னால் அலைச்சல் குறையும்.

2. எந்த பாரிஷ் என்று பாருங்கள்

இங்கிலாந்தில் எந்த வீட்டில் குடியிருந்தாலும் அது ஏதோ ஒரு பாரிஷின் எல்லைக்குள் வரும். "எ சர்ச் நியர் யூ" என்ற சபையின் இணையதளத்தில் போஸ்ட்கோடு போட்டால் உங்கள் பாரிஷ் எது, ஆராதனை எத்தனை மணிக்கு என்று காட்டும். நடந்துபோகும் தூரத்தில் இருப்பது உங்கள் பாரிஷாக இல்லாமல் போகலாம். தெருவின் ஒரு பக்கம் ஒன்று, மறுபக்கம் இன்னொன்று என்பது சாதாரணம். எங்கே வேண்டுமானாலும் வழிபடலாம், தடையில்லை. ஆனால் வாக்குரிமைக்கும் திருமணத்துக்கும் பள்ளிச் சேர்க்கைக்கும் அந்த எல்லைக்கோடு கணக்கில் வரும்.

ஒரே விகார் (பாரிஷ் போதகர்) மூன்று நான்கு ஆலயங்களைப் பார்ப்பதும் இப்போது வழக்கம். அப்போது முதல் ஞாயிறு இங்கே, இரண்டாம் ஞாயிறு பக்கத்து கிராமத்தில் என்று மாறும். போகும் முன் அந்த வாரத்து நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

3. முதல் ஞாயிறு

செருப்பைக் கழற்ற வேண்டாம். கோட்டையும் கழற்ற வேண்டாம். பழைய கற்கட்டடங்கள் ஏப்ரல் வரை குளிரும். ஐயரவர்களே என்று அழைத்துப் பழகிய வாய்க்கு விகாரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது கூசும். ஆனால் அவரே அப்படித்தான் கூப்பிடச் சொல்வார்.

திருவிருந்தில் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். இங்கே கொடுப்பது புளித்த திராட்சை மது, நம் ஊரில் பல இடங்களில் கிடைக்கும் திராட்சைச் சாறு அல்ல. வேண்டாம் என்றால் அப்பத்தை மட்டும் வாங்கிக்கொண்டு எழுந்துவிடலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். கோதுமை ஒவ்வாதவர்கள் ஆராதனை தொடங்கும் முன்பே சொன்னால் தனி அப்பம் எடுத்துவைப்பார்கள். ஆசீர்வாதம் மட்டும் போதும் என்றால் இரு கைகளையும் மார்பில் குறுக்காக வையுங்கள். திடப்படுத்தல் ஆகாத பிள்ளைகளுக்குத் திருவிருந்து கொடுப்பது பாரிஷுக்கு பாரிஷ் மாறும். அதற்கு பிஷப்பின் அனுமதி பெற்றிருக்க வேண்டும். அதனால் முன்கூட்டியே கேளுங்கள்.

முடிந்தவுடன் ஓடாமல் காபிக்கு நில்லுங்கள். இரண்டு பேரை அடையாளம் தெரிந்துகொண்டால் போதும்: சர்ச் வார்டன் (சபை மக்கள் தேர்ந்தெடுத்த பொறுப்பாளர்), பாரிஷ் அட்மினிஸ்ட்ரேட்டர் (அலுவலகத் தாள்களைப் பார்ப்பவர்). நோட்டீஸ் ஷீட் மின்னஞ்சல் பட்டியலில் உங்கள் முகவரியைச் சேர்க்கச் சொல்லுங்கள். முதல் நாளில் இதைவிடப் பெரிய வேலை ஒன்றும் இல்லை.

4. எலெக்டோரல் ரோலில் பெயர்

இதுதான் சபையின் வாக்காளர் பட்டியல். நகராட்சித் தேர்தல் பட்டியலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஞானஸ்நானம் பெற்று 16 வயது நிறைந்து, பாரிஷ் எல்லைக்குள் குடியிருந்தால் உடனே சேரலாம். வெளியே குடியிருந்தால் 6 மாதம் வழக்கமாக ஆராதனைக்கு வந்திருக்க வேண்டும். ஒரு பக்க விண்ணப்பம்தான், கட்டணம் இல்லை.

நம் ஊர்ப் பழக்கத்தில் பலர் இங்கே தடுமாறுகிறார்கள். சங்கக் காணிக்கை கட்டினால்தான் ஓட்டு என்று நினைத்து, பணம் சேரட்டும் என்று தள்ளிப்போடுவார்கள். இங்கே ரோலுக்கும் காணிக்கைக்கும் தொடர்பே இல்லை.

வருடாந்தரக் கூட்டம் ஜனவரி 1-க்கும் மே 31-க்கும் இடையில் நடக்க வேண்டும். அதற்கு 15 முதல் 28 நாள் முன்பே ரோல் திருத்தம் முடிந்துவிடும், அதன்பின் கொடுத்த விண்ணப்பம் அந்தக் கூட்டத்துக்கு உதவாது. எனவே ஜனவரியிலேயே கொடுத்துவிடுங்கள். 6 வருடத்துக்கு ஒருமுறை ரோலை அடியோடு அழித்துப் புதிதாக எழுதுவார்கள். கடைசியாக 2025-இல் நடந்தது, அடுத்தது 2031. அந்த வருடம் பழைய ஆட்கள் உட்பட எல்லாரும் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். பாரிஷை நிர்வகிக்கும் குழுவான பாரிஷ் கவுன்சிலில் நிற்க விரும்பினால் பெயர் ரோலில் ஏறி 6 மாதம் ஆகியிருக்க வேண்டும்.

அந்தக் கவுன்சிலை எல்லாரும் பி.சி.சி. என்பார்கள். "பி.சி.சி. வாங்கிவிட்டீர்களா" என்று போலீஸ் சான்றிதழைக் கேட்டே பழகிய காதுக்கு "இந்த வாரம் பி.சி.சி. இருக்கிறது" என்றால் கொஞ்ச நேரம் குழப்பும்.

5. ஒரு ரோட்டாவில் ஏறுங்கள்

பாரிஷ் வாழ்க்கை ரோட்டாவில், அதாவது யார் எந்த வாரம் எந்த வேலை என்ற முறைப் பட்டியலில் ஓடுகிறது: வாசிப்பு, ஜெபம், காபி, பூ, புத்தகம் கொடுத்தல், பெருக்குதல். பல இடங்களில் 3 மாதத்துக்கு ஒருமுறை புதிதாகப் போடுவார்கள். நடுவில் கேட்டால் "அடுத்த முறை" என்றுதான் பதில் வரும். தொடங்குவதற்குக் காபி ரோட்டாதான் நல்லது. பாத்திரம் கழுவும் இடத்தில்தான் பேச்சு வரும்.

வாசிப்பு ரோட்டா என்றால் அந்த ஆலயம் எந்த மொழிபெயர்ப்பை வாசிக்கிறது என்று கேட்டு, அந்தப் பிரதியையே வீட்டில் இரண்டு முறை உரக்கப் படியுங்கள். முடிவில் சொல்லும் வாக்கியம் தாளில் அச்சாகியிருக்கும். அதைச் சொல்லாமல் இறங்கினால் சபை பதில் சொல்ல முடியாமல் நிற்கும். மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி நின்று, நமக்கு இயல்பான வேகத்தை முக்கால் பங்காகக் குறைத்துக்கொள்ளுங்கள். உச்சரிப்பைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கு ஒரு சங்கதி: வேகம்தான் புரியவிடாமல் செய்கிறது.

புத்தகம் கொடுப்பவர் அரைமணி நேரம் முன்னதாக வந்து, பாட்டு எண் பலகையை நிரப்பி, வந்தவர்களை எண்ணி ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். காணிக்கையை எப்போதும் இருவராக எண்ணி இருவரும் கையெழுத்திடுங்கள். தனியாக எண்ணச் சொன்னால் மறுத்துவிடுங்கள். உங்கள் பாதுகாப்புக்கே அந்த விதி.

விசா விஷயம்: மாணவர் விசாவில் கூலியில்லாத் தொண்டு செய்யலாம். ஆனால் கல்யாணங்களுக்கு ஆர்கன் வாசித்துத் தனியாகக் காசு வாங்குவது சுயதொழில் ஆகிவிடும், அதற்கு அனுமதி கிடையாது. பார்வையாளர் விசாவில் வந்த பெற்றோர் பதிவுபெற்ற தொண்டு நிறுவனத்தில் மொத்தம் 30 நாள் வரை தொண்டு செய்யலாம்.

6. பிள்ளைகளோடு பணி செய்ய டி.பி.எஸ்.

ஞாயிறு பள்ளி, மெஸ்ஸி சர்ச் (பிள்ளைகள் குடும்பத்தோடு கைவேலை செய்து வழிபடும் கூட்டம்), முதியோரை வீட்டில் சந்திப்பது ஆகியவற்றுக்கு டி.பி.எஸ். என்ற குற்றப்பதிவுச் சோதனை, இரண்டு பேரின் பரிந்துரை, ரகசிய அறிவிப்புப் படிவம் (உங்கள்மேல் வழக்கு உண்டா என்று நீங்களே எழுதித் தருவது), இணையவழிப் பாதுகாப்புப் பயிற்சி எல்லாம் வேண்டும். தன்னார்வலருக்கு டி.பி.எஸ். கட்டணம் இல்லை. பயிற்சியும் இலவசம்.

இழுத்தடிப்பது கடந்த 5 வருட முகவரிப் பட்டியல்தான். நடுவில் ஒரு மாதம் விட்டாலும் திரும்பி வரும். ஹாஸ்டல், உறவினர் வீடு, ஊர் வீடு எல்லாவற்றையும் பின்கோடோடும் மாதத்தோடும் எழுதிவைத்துக்கொண்டு உட்காருங்கள். முகவரிச் சான்றாக இணையத்திலிருந்து அச்செடுத்த பேங்க் ஸ்டேட்மெண்டைப் பல இடங்களில் ஏற்பதில்லை. தபாலில் வந்ததை வைத்திருங்கள். வெளிநாட்டில் இருந்த காலத்துக்கு அந்நாட்டுப் போலீஸ் சான்றிதழும் கேட்கலாம். விசாவுக்கு வாங்கியது இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மருத்துவமனை வேலைக்கு எடுத்த டி.பி.எஸ். பொதுவாக இங்கே செல்லாது. நர்ஸ்கள் இதைக் கேட்டுத்தான் அதிகம் சலித்துக்கொள்கிறார்கள்.

செப்டம்பரில் பிள்ளைகள் பணி தொடங்குகிறது. ஆகஸ்டில் பாதிப்பேர் விடுமுறையில் இருப்பார்கள். ஜூனிலேயே தாள்களைக் கொடுங்கள்.

7. காணிக்கையும் கிஃப்ட் எய்டும்

கவர், கார்டு இயந்திரம், வங்கி டைரக்ட் டெபிட், எதுவும் ஆகும். வரி கட்டுகிறவர் கிஃப்ட் எய்டு படிவத்தில் ஒருமுறை கையெழுத்திட்டால் நீங்கள் தரும் ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசு 25 பென்ஸ் சேர்த்து சபைக்குத் தரும். அந்த வரி ஆண்டில், அதாவது ஏப்ரல் 6 முதல் அடுத்த ஏப்ரல் 5 வரை, நீங்கள் கட்டிய வரி, அரசு அப்படிச் சேர்த்துத் தந்த தொகைக்குக் குறையாமல் இருக்க வேண்டும். குறைந்தால் வித்தியாசத்தை வரித்துறை உங்களிடம் கேட்கும். வருமானமில்லாத மாணவர்களும், வேலைக்குப் போகாத கணவனோ மனைவியோ கையெழுத்திட வேண்டாம். குடும்பத்தில் வரி கட்டுகிறவர் பெயரில் கொடுங்கள். வீடு மாறினால் புது முகவரியைச் சொல்லுங்கள்.

8. பள்ளி, ஞானஸ்நானம், திருமணம்

சர்ச் பள்ளிகளில் பலவற்றில் விகார் கையெழுத்திடும் கூடுதல் படிவம் உண்டு. வருகை எத்தனை மாதம், மாதம் எத்தனை ஞாயிறு என்பதை ஒவ்வொரு பள்ளியும் தன் சேர்க்கை விதியில் எழுதியிருக்கும். பல இடங்களில் வருகைப் பதிவேடு இருக்கும், கையெழுத்திடாத ஞாயிறு கணக்கில் சேராது. விண்ணப்பிக்கக் கடைசி நாள் செகண்டரி பள்ளிக்கு அக்டோபர் 31, தொடக்கப்பள்ளிக்கு ஜனவரி 15. கடைசி வாரத்தில் விகாரைத் தேடாதீர்கள்.

ஞானஸ்நான ஆராதனைக்குக் கட்டணமில்லை. மூன்று ஞானப்பெற்றோர் வேண்டும்: பிள்ளையின் பாலினத்தில் இருவர், எதிர்ப்பாலினத்தில் ஒருவர். அவர்கள் ஞானஸ்நானம் பெற்றவர்களாக இருக்க வேண்டும். ஊரிலிருந்து சித்தப்பா வருவார் என்றால் விசா வந்தபின் தேதி குறியுங்கள்.

திருமணத்தில்தான் பெரிய பொறி. ஊர் மாதிரியே மூன்று ஞாயிறு ஓலை (ஆலயத்தில் திருமண அறிவிப்பு) வாசித்தால் போதும் என்று மண்டபம் பிடித்துவிடுகிறார்கள். மணமக்களில் ஒருவர் இந்திய அல்லது இலங்கைப் பாஸ்போர்ட்டில் இருந்தால், இங்கே நிரந்தரமாகக் குடியிருக்கும் அனுமதி இருந்தாலும், ஓலை செல்லாது. இருவரும் பதிவு அலுவலகத்தில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். 28 நாள் காத்திருப்பு, சில வழக்குகளில் 70 நாளாக நீளும். திருமணத்தன்று கையெழுத்தான ஆவணம் 21 நாளுக்குள் பதிவு அலுவலகம் சேர வேண்டும். திருமணச் சான்றிதழ் அங்கிருந்துதான் வரும், ஆலயத்தில் கிடைக்காது. மண்டபத்துக்கு முன்பணம் கட்டுமுன் விகாரிடம் இரண்டு பாஸ்போர்ட்டையும் காட்டிவிடுங்கள்.

9. வருடச் சுற்று: எப்போது எதற்குக் கை கொடுக்கலாம்

செப்டம்பர் கடைசி அல்லது அக்டோபர் தொடக்கத்தில் ஹார்வெஸ்ட். நம் அறுப்பின் பண்டிகை போல ஏலம் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். டின் உணவு கொண்டுவந்து வைப்பார்கள், அது இல்லாதவர்களுக்கு உணவு கொடுக்கும் ஃபுட்பேங்குக்குப் போகும். கெட்டுப்போகாத பால், டின் மீன், பழம், பாஸ்தா சாஸ், டீத்தூள், சோப்பு எல்லாம் நல்லது. தேதி முடிந்ததும் வீட்டில் செய்ததும் வேண்டாம்.

நவம்பர் 2-ஐ ஒட்டி, மரித்தோரின் பெயர்களை வாசிக்கும் ஆராதனை உண்டு. அக்டோபரிலேயே பின்மேசையில் தாள் இருக்கும். ஊரில் இறந்த அப்பா, அம்மா பெயரையும் எழுதலாம். வாசிப்பவருக்காக ஆங்கில எழுத்தில் அசை பிரித்து எழுதுங்கள். "ஞானசுந்தரம்" என்ற பெயரைத் தயாரிப்பில்லாமல் படிக்கச் சொன்னால் பாவம், என்ன செய்வார். நவம்பர் இரண்டாம் ஞாயிறு போர் நினைவு நாள். 11 மணிக்கு இரண்டு நிமிட மௌனம். வழக்கமான நேரத்துக்குப் போனால் ஆராதனை பாதியில் இருக்கும். அந்த வாரத்து நேரத்தை நோட்டீஸில் பாருங்கள். கைபேசி அணைந்திருக்கட்டும்.

கிறிஸ்துமஸுக்கு நான்கு ஞாயிறு முன் அட்வெண்ட் (கிறிஸ்துவின் வருகைக்கு ஆயத்தமாகும் காலம்) தொடங்குகிறது. புதியவர்கள் கைகொடுக்கச் சிறந்த இடம் கிறிஸ்டிங்கிள் ஆராதனை. கிறிஸ்டிங்கிள் என்பது பிள்ளைகள் கையில் பிடிக்கும், மெழுகுவர்த்தி செருகிய ஆரஞ்சு. ஆரஞ்சுப் பழம் உலகம், சிவப்பு நாடா இயேசுவின் இரத்தம், மெழுகுவர்த்தி அவருடைய ஒளி, நான்கு குச்சிகளில் குத்திய உலர்பழமோ மிட்டாயோ பூமியின் பலன். 60 பிள்ளைகளுக்கு 60 சிறிய ஆரஞ்சு, 60 வர்த்தி, 240 பல்குச்சி, ஏழரை சென்டிமீட்டர் சதுரமாக வெட்டிய 60 அலுமினியத் தாள், ஒரு பழத்துக்கு ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதலாக வைத்து ஏறத்தாழ 16 மீட்டர் சிவப்பு டேப். நான்கு பேர் உட்கார்ந்தால் ஒரு மணி நேர வேலை.

கெடுவது எங்கே என்றால், குளிர்பெட்டியிலிருந்து எடுத்த பழத்தில் டேப் ஒட்டாது. முந்தின இரவே வெளியே எடுத்துத் துடைத்து வையுங்கள். தோல் தளர்ந்த சத்சுமாவில் வர்த்தி சாயும், தோல் இறுகிய பழம் வாங்குங்கள். காம்பின் இடத்தில் சிறிய கத்தியால் சிலுவை போல் கீறி, அதன்மேல் அலுமினியத் தாளை வைத்து, வர்த்தியைத் தாளோடு சேர்த்து உள்ளே அழுத்த வேண்டும். துளையைத் தோண்டி எடுத்துவிட்டால் சாறு கசிந்து வர்த்தி ஆடும். தாள் இல்லாவிட்டால் மெழுகு பிள்ளையின் கையில் வழியும். கடலை, முந்திரி போடவே கூடாது. ஜெல்லி மிட்டாயில் ஜெலட்டின் இருக்கும், சைவப் பிள்ளைகளுக்குத் திராட்சை வையுங்கள். நீண்ட பின்னலும் வர்த்தியும் பக்கத்தில் பக்கத்தில் வரிசையில் நின்றால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை: தலைமுடியைக் கட்டச் சொல்லுங்கள், வாளித் தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும். சில பாரிஷ்கள் இதனாலேயே ஒளிக்குச்சிக்கு மாறிவிட்டன.

டிசம்பர் 24 மாலை 3, 4 மணிக்குப் பிள்ளைகளின் தொழுவ ஆராதனைக்கு அரைமணி முன்பே போகாவிட்டால் நிற்க வேண்டியிருக்கும். நள்ளிரவு ஆராதனை 11 அல்லது 11.30-க்குத் தொடங்கும். 25-ஆம் தேதி பெரும்பாலான இடங்களில் ரயிலே ஓடாது, பஸ்ஸும் அரிது. வண்டி இல்லாதவர்கள் முந்தின வாரமே யாரிடமாவது லிஃப்ட் கேளுங்கள். கேட்டால் தருவார்கள். கேட்காவிட்டால் உங்களுக்குத் தேவை என்றே அவர்களுக்குத் தோன்றாது.

லெந்து (தவக்காலம்) கணக்கை ஈஸ்டரிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். 2027-இல் ஈஸ்டர் மார்ச் 28, சாம்பல் புதன் பிப்ரவரி 10. போன வருடக் குருத்தோலைச் சிலுவையை எரித்துத்தான் சாம்பல் செய்கிறார்கள். ஜனவரி கடைசியில் ஒரு கூடை வைப்பார்கள், வீட்டில் உள்ளதைக் கொண்டுபோய்ப் போடுங்கள். லெந்து முழுக்க பொதுவாகப் பூ கிடையாது. பூ ரோட்டாவில் பெயர் கொடுத்துவிட்டு அந்த வாரங்களில் கொத்து வாங்கிப் போய் நிற்காதீர்கள். ஈஸ்டர் லில்லிக்கு நினைவுப் பெயர் எழுதிப் பணம் கொடுக்கலாம். தாள் சில வாரம் முன்பே மூடிவிடும். வாரநாளில் சூப்பும் ரொட்டியும் மட்டும் தரும் லெந்து மதிய உணவு நடக்கும். அதற்குச் சாம்பார் கொண்டு வரலாமா என்று கேளுங்கள், அநேகமாகச் சரி என்பார்கள்.

கோடையில் சந்தை, கேக் மேசை, ராஃபிள் (பரிசுக் குலுக்கல்). அவ்வளவுதான், ஆனால் மேசை தூக்க ஆள் எப்போதும் பற்றாது. ஹாலை நீங்கள் எடுத்து விழா நடத்தி மது விற்பதானால் நகராட்சிக்குத் தற்காலிக நிகழ்ச்சி அறிவிப்புக் கொடுக்க வேண்டும்: 21 பவுண்டு, குறைந்தது 10 வேலைநாள் முன்பு.

10. பகிர்ந்துண்ணும் விருந்துக்குச் சமைத்துப் போவது

நம் ஆட்களைச் சபை முதலில் நினைவில் வைப்பது சாப்பாட்டால்தான். ஆனால் "காரமா" என்று கேட்கும் முன் "என்ன போட்டிருக்கிறீர்கள்" என்று கேட்பார்கள். பிரிட்டனில் ஒவ்வாமைப் பொருள் பட்டியலில் 14 உண்டு. நம் தாளிப்புக் கரண்டி ஒன்றிலேயே நான்கு வந்துவிடும்: கடுகு பட்டியலில் இருக்கிறது, நல்லெண்ணெய் எள், நெய் பால், கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு. "கோதுமை இல்லை" என்று எழுதிய சாம்பாரில் பெருங்காயம் போட்டிருந்தால் அந்தச் சீட்டு பொய். டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். அரிசி மாவில் செய்ததும் கிடைக்கிறது. முந்திரி அரைத்துவிட்ட குருமாவை யாராலும் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, அதனால் எழுதியே ஆக வேண்டும். தேங்காய் பட்டியலில் இல்லை, ஆனாலும் எழுதுங்கள்.

சோறு வடித்து மணிக்கணக்கில் வெளியே வைக்கக் கூடாது. அதில் வளரும் கிருமியின் நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. சூடான உணவு 63 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் பரிமாறி முடியுங்கள். காலை 7 மணிக்கே பிரியாணி செய்து ஆராதனை முடியும் மட்டும் காரில் வைப்பது வேண்டாம். ஹால் சமையலறையில் ஓவன் இருக்கிறதா, யாரிடம் சாவி என்று வெள்ளிக்கிழமையே கேளுங்கள். 40 பேர் வரும் விருந்தில் இருபது பாத்திரம் இருக்கும்; ஒருவருக்கு ஒரு கரண்டிதான் விழும். எனவே 2 கிலோ அரிசி தாராளம்.

கிராம்பு, பட்டை, கறிவேப்பிலையைக் கடித்துவிட்டு விழிப்பார்கள். எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் சீட்டில் சொல்லுங்கள். பாத்திரத்தின் அடியிலும் மூடியிலும் தனித்தனியாகப் பெயர் ஒட்டுங்கள். மூடி வேறு வீட்டுக்குப் போய்விட்டால், அடுத்த ஞாயிறு காபி மேசையில் "யாருடையது" என்ற சீட்டோடு உட்கார்ந்திருக்கும்.